பதினாறு தாய்மாரும் ஒரு பலூனும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கலகெதரயில் எமது மூத்தவர்களிடம் குடும்பக் கதை கேட்டால், பிள்ளை பெறப்போய் மௌத்தான ஒரு பெண்ணின் பெயர் எங்காவது வந்துவிடும். "இரத்தம் நிக்கல்ல" என்பார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள். பிரசவத்தில் இறப்பவள் ஷஹீத் என்ற ஆறுதல் எமக்கு உண்டு. ஆனால் அந்த இரத்தத்தை எப்படி நிறுத்தலாம் என்று தேடியவர்களைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

அவர்களில் ஒருவர் நம் நாட்டவர், பேராசிரியர் சேர் சபாரத்தினம் அருள்குமரன். 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு சிங்கப்பூர், பிறகு இங்கிலாந்து. 2007 முதல் 2010 வரை பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் றோயல் கல்லூரிக்குத் தலைவர். 2009இல் சேர் பட்டம். பதவிகளை இத்தோடு விடுவோம். எமக்கு முக்கியம் அவர் எழுதியவை.

நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கூடவே வேறு பெயர்களும் இருக்கும். தனியாக உட்கார்ந்து எழுதும் துறையல்ல இது. 1986இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்று, பிரசவ வலியோடு வரும் தாயின் வயிற்றில் கருவியை வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கொஞ்ச நேரம் பதிந்தால், ஆபத்தை முன்கூட்டியே அறியலாமா என்று கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் பார்த்தார்கள். உலகெங்கும் அது பரவியது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளோ, ஆபத்தில்லாத தாய்மாருக்கு இதனால் நன்மை தெரியவில்லை, சிசேரியன்தான் கூடக்கூடும் என்றன. இதை மறைக்கத் தேவையில்லை. எழுதி வைத்ததால்தான் பிறரால் அதைச் சோதிக்க முடிந்தது.

இனி இரத்தத்துக்கு வருவோம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி கழன்றதும் கருப்பைத் தசை இறுகி இரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். தசை தளர்ந்தே கிடந்தால், விரைவிலேயே தாயின் உயிர் போகலாம். மருந்துக்கும் நிற்காவிட்டால் வயிற்றைத் திறப்பதுதான் வழி. பல வேளை கருப்பையையே எடுக்க நேரும்.

2003இல் அருள்குமரனும் இலண்டன் சகாக்களும் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். உணவுக்குழாயில் இரத்தம் கசிவோருக்குப் பயன்படும் பலூன் குழாயைக் கருப்பைக்குள் வைத்து நீரால் நிரப்பினார்கள். இரத்தம் நின்றால் சத்திரசிகிச்சை வேண்டாம். நிற்காவிட்டால் தாமதிக்காமல் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். 16 தாய்மாரில் 14 பேருக்கு நின்றது.

அதே 2003இல் டாக்காவிலிருந்து பேராசிரியர் சாயிபா அக்தரின் கட்டுரையும் வந்தது. விலை கூடிய பலூனுக்கு அங்கே காசில்லை. கதீற்றர் குழாயின் நுனியில் ஓர் ஆணுறையை நூலால் கட்டி, சேலைன் நிரப்பிக் கருப்பைக்குள் வைத்தார். (கூச்சப்படாமல் வாசியுங்கள், உயிர் விஷயம்.) 23 தாய்மார். 23 பேருக்கும் 15 நிமிடங்களுக்குள் இரத்தம் நின்றது. இலண்டன் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த ஒற்றைக் கட்டுரையை வைத்துப் பார்க்கும்போது, எண்ணிக்கையை வைத்து ஆய்வாளரை அளக்கும் பழக்கம் எமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பலூன் மட்டும் போதாது. ஆபிரிக்காவில் நடந்த சோதனைகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. உடனே சத்திரசிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் இடத்தில்தான் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 1930களில் இந்த நாட்டில் 100,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவில். இதில் பெரும்பங்கு வீடு வீடாக நடந்த மருத்துவ மாதுகளுக்கும், கிராமத்துக்கு வந்த ஆஸ்பத்திரிக்கும், குருநாகல் வீதியில் இரவிலும் கண்டிக்கு ஓடும் அம்புலன்சுக்கும் உரியது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "சேர், 16இல் மற்ற ரெண்டு பேர்?"

அவர்களுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது என்றோம். அந்த இருவரையும் கட்டுரையில் விடாமல் எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னோம்.