கல்லில் இல்லாத கதை

இன்றைய உரையிலே உங்களைச் சீன தேசத்துக்கு அழைத்துச் செல்ல விழைகின்றேன். அங்கே நான் கண்டவற்றோடு, நான் செய்த தவறொன்றையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனுக்குப் பேச்சுப் போட்டிக்கென உரையொன்று எழுதிக் கொடுத்தேன். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதருமர் சீனாவுக்குச் சென்று, ஷவோலின் விகாரைத் துறவியருக்குக் குங்பூ என்னும் தற்காப்புக் கலையைப் பயிற்றினார் என்று அதில் எழுதியிருந்தேன். 2011இல் வெளிவந்த '7ஆம் அறிவு' திரைப்படத்தின் பின்னர் அக்கதை நம்மவரிடையே வெகுவாகப் பரவியிருந்தது. மாணவன் உணர்ச்சி ததும்பப் பேசினான், முதற்பரிசும் பெற்றான். ஆதாரம் என்னவென்று அவன் கேட்கவில்லை, நடுவர்களும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பின்னர், ஆசிரியர்கள் சிலருடன் ஹெனான் மாகாணத்துப் பழைய பௌத்த தலங்களைத் தரிசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. முதலில் லொயாங் நகரத்து வெள்ளைக் குதிரை விகாரைக்குச் சென்றோம். கி.பி. 68இல் அமைக்கப்பட்டதென்பது மரபு. பாரதத்திலிருந்து இரு துறவியர் வெள்ளைக் குதிரையின் முதுகிலே ஏடுகளை ஏற்றிவந்தனராம். சீனத்துக்குப் பௌத்தம் வந்த கதையை அந்நாட்டவர் ஏடு சுமந்த குதிரையோடு தொடங்குகின்றனர் என்பது தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் பஸ்ஸிலே சொங்ஷான் மலையடிவாரத்து ஷவோலினுக்குப் புறப்பட்டோம். வழியெங்கும் தற்காப்புக் கலைப் பள்ளிகள். மைதானங்களிலே சிவப்புச் சீருடைச் சிறுவர்கள் வரிசை வரிசையாக நின்று, ஒரே குரலெழுப்பி ஒரே வேளையில் காலை உயர்த்துகின்றனர். ஜெட் லீ நடித்த 'ஷவோலின் டெம்பிள்' படம் 1982இல் வெளிவந்த பின்னரே இப்பிரதேசம் இவ்வளவு பரபரப்படைந்தது என்றார் எங்கள் வழிகாட்டி.

விகாரைக்கு அருகிலுள்ள அரங்கிலே அரை மணிநேரக் காட்சி நடந்தது. ஒருவர் புலிபோலப் பதுங்கினார். மற்றொருவர் தவளைபோலத் தரையோடு ஒட்டிப் பாய்ந்தார். ஓர் இளைஞர் ஈட்டி முனையைத் தொண்டைக் குழியிலே பொருத்தி உடலால் அழுத்த, ஈட்டித் தண்டு வில்லாக வளைந்தது. இன்னொருவர் எறிந்த ஊசி கண்ணாடித் தகட்டைத் துளைத்து, அப்பால் இருந்த பலூனை உடைத்தது. சபையோரோடு சேர்ந்து நானும் கை வலிக்கத் தட்டினேன். உள்ளத்தின் ஓரத்திலே, 'இதெல்லாம் எங்கள் ஆள் கற்றுக் கொடுத்ததுதானே' என்றொரு இறுமாப்பும் இருந்தது.

விகாரையினுள்ளே ஒரு சுவரோவியம் அவ்விறுமாப்பை மேலும் வளர்த்தது. கரிய மேனியரான துறவியரும் வெளிறிய மேனியரான துறவியரும் இணை இணையாக நின்று கைகலந்து பயிற்சி செய்கின்றனர். "கறுப்பாக இருப்பவர்கள் இந்தியர்கள்" என்றார் வழிகாட்டி. ஆதாரம் கிடைத்துவிட்டதென மகிழ்ந்து, ஓவியத்தின் காலம் யாதெனக் கேட்டேன். 19ஆம் நூற்றாண்டு என்றார். போதிதருமர் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவதோ 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில். இடையிலே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள்!

அடுத்து வழிகாட்டி எங்களை முற்றத்திலிருந்த கல்வெட்டொன்றின் முன் நிறுத்தினார். அது 728ஆம் ஆண்டில் நாட்டப்பட்டது. தாங் வம்சத்து இளவரசர் லீ ஷிமின் 621இல் தம் பகைவரோடு பொருதபோது, ஷவோலின் துறவியர் அவருக்குத் துணைநின்றனர். அதற்கு நன்றி கூறி அவர் அனுப்பிய மடலும், விகாரைக்குக் கிடைத்த நிலக்கொடையும் அதிலே பொறிக்கப்பட்டுள்ளன. பதின்மூன்று துறவியரின் பெயர்கள் உள்ளன. ஒருவருக்குத் தளபதிப் பட்டமும் வழங்கப்பட்டது. துறவியர் போரிட்டமைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

"போதிதருமர் பெயர் இருக்கிறதா?" என்று ஆவலோடு கேட்டேன். "தாமோவா? இருக்கிறது. தியான ஆசான் என்று இருக்கிறது" என்றார். "போர்க்கலை?" "அது இல்லை."

அந்த 'இல்லை' ஊர் திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. நூல்களைத் தேடி வாசித்தேன். ஷவோலின் விகாரையை 495ஆம் ஆண்டளவில் வட வெய் வம்சத்துச் சக்கரவர்த்தி சியாவ்வென் நிறுவியது பாதுவோ என்னும் இந்தியத் துறவிக்காகவேயன்றிப் போதிதருமருக்காக அன்று. போதிதருமரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல் யாங் சுவென்சி என்பவர் 547ஆம் ஆண்டளவில் எழுதிய லொயாங் விகாரைகள் பற்றிய பதிவு. அது அவரைப் பாரசீக நாட்டவர் என்கிறது. அவருடைய சீடர் மரபிலே வந்த தான்லின், தென்னிந்திய அரசரொருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 645ஆம் ஆண்டளவில் துறவியர் வரலாறு எழுதிய தாவோசுவென், தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். அவர் தென்னாட்டவர் என்று கொள்வதற்கு இடமுண்டு. ஆனால் காஞ்சி, பல்லவர் என்பன பின்னாளில் வந்து சேர்ந்தவை. கைகால் வீசிப் போரிடக் கற்பித்தார் என்று இம்மூவரில் எவருமே எழுதவில்லை.

அப்படியாயின் கதை எங்கிருந்து வந்தது? 1624ஆம் ஆண்டளவில் 'யீஜின் ஜிங்' என்னும் உடற்பயிற்சி நூலொன்று தோன்றியது. தசைநார்களை வலுப்படுத்தும் முறைகளைக் கூறும் அந்நூல், தன்னைப் போதிதருமர் அருளியதாகச் சொல்லிக்கொண்டது. 7ஆம் நூற்றாண்டுத் தளபதியொருவர் எழுதியதாக ஒரு போலி முன்னுரையும் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலே பிற்காலத்து வைத்திய ஏடுகளை அகத்தியர் பெயரில் வழங்கிய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. 1903 தொடக்கம் தொடராக வெளிவந்த 'லாவ் சானின் பயணங்கள்' என்னும் சீனப் புதினம், முட்டிப்போர்க் கலையும் அவர் தந்ததே என்ற கருத்தை மக்களிடையே பரப்பியது. 1930இலேயே தங் ஹாவ் என்னும் சீன வரலாற்றாசிரியர் இதனை மறுத்து நூல் எழுதிவிட்டார். சீனர்களே தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட கதையை நான் பிடித்துக்கொண்டு மாணவனிடம் கொடுத்திருக்கிறேன்!

பழைய ஏடுகளை விகாரையிலேயே தேடலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். 1928இல் யுத்தப் பிரபு ஒருவரின் படை ஷவோலினுக்குத் தீ வைத்தது. மண்டபங்களோடு நூல்களும் சாம்பராயின. இதைக் கேட்டபோது 1981ஆம் ஆண்டின் யாழ்ப்பாண நூலகத்தை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. ஏடுகளை இழந்தவர்களுக்கு எஞ்சிய சான்று எவ்வளவு அருமையானது என்பது தெரியும். அவ்வாறு எஞ்சிய சான்றுக்கு மேலே, நமக்குப் பிடித்த கற்பனையை நாம் ஏற்றிவைக்கலாமா?

போதிதருமரை இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் எனக்கும் இருந்தது. அதனைத் தீர்த்தது அப்பயணத்தின் இறுதியிலே நாம் கண்ட லுங்மன் குகைகளின் நினைவு. யீ ஆற்றின் இரு கரையிலும் மலையைக் குடைந்து, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சிலைகளைச் செதுக்கியுள்ளனர். 675இல் நிறைவுற்ற வைரோசன புத்தரின் உயரம் 17 மீற்றருக்கு மேல். சக்கரவர்த்தினி வூ தமது ஒப்பனைச் செலவுப் பணத்தை அதற்கு வழங்கினாராம். அச்சிலையின் முகத்தை அண்ணாந்து பார்த்து நின்ற வேளையில், அதே லுங்மன் பக்கத்திலே தென்னாட்டுத் துறவியொருவருக்குத் தூபி எழுப்பப்பட்டிருந்தது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அவர் பெயர் வச்சிரபோதி. சீனத்துத் துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்தியர் என்கிறது. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இரண்டாம் நரசிங்கவர்மனின் காலத்திலே காஞ்சியில் இருந்தவர். அங்கிருந்து நம் இலங்கைக்கு வந்து, அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே தங்கி, சிவனொளிபாதமலையிலும் ஏறியவர். பின்னர்க் கடல்வழியாக 719ஆம் ஆண்டளவில் சீனத்தை அடைந்து, வச்சிரயான நூல்களை மொழிபெயர்த்து, 741இல் லொயாங்கிலே உயிர்நீத்தார். அவருடைய தலைமாணாக்கர் அமோகவச்சிரர், ஆசானின் மறைவுக்குப் பின் நூல்களைத் தேடி இலங்கைக்கு வந்து, 746இல் ஏராளமான ஏடுகளுடன் திரும்பினார். மணிமேகலை காஞ்சியிலே அறவண அடிகளிடம் அறங்கேட்டதைப் படிப்பிக்கும் நான், அந்தக் காஞ்சியிலிருந்து உண்மையாகவே சென்றவரை ஒருநாளும் வகுப்பிலே குறிப்பிட்டதில்லை. அவர் ஈட்டியை வளைக்கவில்லை, ஏடுகளை மொழிபெயர்த்தார். அவரைப் பற்றிப் படம் எடுப்பாரில்லை.

பேச்சுப் போட்டியில் வென்ற மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பயில்கிறான். தொலைபேசியில் அழைத்து விடயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப சேர், நான் வாங்கின கப்பைத் திருப்பிக் குடுக்கவேணுமோ?" என்றான்.

"கப் நீ பேசினதுக்குத் தந்தது, தம்பி. பிழை எழுதித் தந்த என்னிலதான்" என்றேன்.

இவ்வாண்டுப் போட்டிக்கு வேறொரு மாணவன் வந்து நிற்கிறான். வச்சிரபோதியைப் பற்றிப் பேசுமாறு கூறியிருக்கிறேன். உரையை நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. வாசிக்கவேண்டிய நூல்களின் பெயர்களை மாத்திரம் கொடுத்திருக்கிறேன். எழுதும் ஒவ்வொரு வசனத்துக்கும் ஆதாரத்தோடு வரும்படி சொல்லியிருக்கிறேன். நான் அக்கதையைச் சொல்லிக்கொடுத்த ஏனைய மாணவர்கள் இப்பொழுது எங்கெங்கோ இருக்கின்றனர். இதனை அவர்களும் செவிமடுத்தால் நன்று.