நோபல் அறக்கட்டளையின் முதலும் கையிருப்பும்

ஆல்ஃபிரட் நோபல் 1896 டிசம்பர் 10 அன்று மறைந்தபோது விட்டுச்சென்ற சொத்து 3 கோடியே 10 லட்சம் சுவீடன் குரோனருக்கும் மேல். பல நாடுகளில் சிதறிக் கிடந்த அதைத் திரட்டும் பொறுப்பு ராக்னர் சோல்மன் என்ற இளம் பொறியாளருக்கு வந்தது. பாரிஸ் வங்கியிலிருந்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி, கைத்துப்பாக்கியோடு தாமே காவலிருந்து, சுவீடன் துணைத் தூதரகத்தில் அவர் கொண்டு சேர்த்தார். அங்கே கட்டப்பட்ட பொதிகள் பிரான்ஸைவிட்டு வெளியேறின.

அறக்கட்டளை 1900-இல் உருவானது. முதலைப் பாதுகாப்பான முதலீடுகளில் போட்டு, வருமானத்தை ஆண்டுதோறும் பரிசாக வழங்க வேண்டும் என்பது உயிலின் கட்டளை. பாதுகாப்பு என்றால் கடன் பத்திரங்களும் அடமானக் கடன்களுமே என்று அன்றைய நிர்வாகிகள் கொண்டனர். அக்காலத்துக்கு அது நியாயமான எண்ணமே. ஆனால் முதல் உலகப் போர்க்கால விலையேற்றத்துக்கு நிலையான வட்டி ஈடுகொடுக்கவில்லை. வரியும் கடுமையாக இருந்தது. 1901-இல் ஒரு பரிசு 1,50,782 குரோனர், 1923-இல் 1,14,935. பணத்தின் மதிப்போ அதற்குள் வெகுவாகச் சரிந்திருந்தது. யாரும் கையாடாமல், யாரும் வீணடிக்காமல், எச்சரிக்கையாலேயே முதலுக்கு மோசம் வந்தது.

1946-இல் வரிவிலக்கு கிடைத்தது. அதைவிடப் பெரிய திருப்பம் 1953-இல் வந்தது: பங்குகளிலும் நிலம், கட்டடங்களிலும் முதலிட அரசு அனுமதித்தது. அதன் பிறகும் பரிசுத்தொகை 1901-ஆம் ஆண்டின் உண்மை மதிப்பை மீண்டும் எட்ட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968-இல் ஏற்படுத்தப்பட்ட பொருளாதாரப் பரிசின் தொகையைச் சுவீடன் மத்திய வங்கி தருவதால் நோபலின் முதலில் அது கைவைக்கவில்லை.

2001-இல் பரிசு 1 கோடி குரோனரானது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் உள்ளிட்ட மூவர் 2009-இல் வேதியியலுக்காகப் பகிர்ந்துகொண்டது இத்தொகையையே. ஆனால் அந்தப் பத்தாண்டில் செலவு வருமானத்தை விஞ்சியது. முதலைத் தின்று பரிசு கொடுக்கும் நிலை தொடரக் கூடாதென்று 2012-இல் பரிசை 80 லட்சமாகக் குறைத்தனர்; நிர்வாகச் செலவையும் சுருக்கினர். உலகமே பார்க்கும் ஒரு பரிசைக் குறைக்கத் துணிவு வேண்டும். அறக்கட்டளையின் வரலாற்றில் மிகப் பொறுப்பான முடிவுகளுள் இதுவும் ஒன்று.

2011 இறுதியில் ஏறத்தாழ 300 கோடி குரோனராக இருந்த முதலீட்டுத் தொகை, 2022 இறுதியில் ஏறத்தாழ 580 கோடியானது. பரிசு 2017-இல் 90 லட்சமாகவும், 2020-இல் 1 கோடியாகவும், 2023-இல் 1 கோடியே 10 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது.