கப்பல் பட்டியலும் கங்காணி கணக்கும்: புலம்பெயர்ந்த முன்னோரைத் தேடும் வழிகள்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்யப்பட்ட 342 பேர் அதில் இருந்தனர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதி மக்கள் ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரு சாராரையும் ஊரைவிட்டுக் கிளப்பியவை பஞ்சமும் கடனும் நிலமின்மையும்தான். ஆனால் இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடும் டர்பன் குடும்பத்துக்குக் கிடைக்கும் சான்று, இலங்கை மலையகத்தின் அட்டன் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆள் சேர்த்த முறை எதுவோ அதைப் பொறுத்தே ஆவணம் உருவானது, அந்த ஆவணமே பிற்காலச் சந்ததியின் உரிமையையும் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நேட்டால்: எண்ணிலிருந்து ஊருக்கு

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று கப்பல் பட்டியலில் ஒரு மனிதருக்கு ஒரு வரி. தோட்டத்தைவிட்டு ஓடினால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காகவே தழும்பு குறிக்கப்பட்டது. நிழற்படம்கூட இல்லாத ஒரு முப்பாட்டனின் உடலைப் பற்றி இன்று அவர் வழியினருக்கு எஞ்சியிருக்கும் ஒரே செய்தியும் பல குடும்பங்களில் அதுதான்.

எனவே நேட்டால் வழியினர் தேட வேண்டியது முதலில் எண்ணை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் திருமணம், பிறப்பு, இறப்பு ஆகியவை இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவானபோது இந்த எண்ணும் சேர்த்தே எழுதப்பட்டது. தாத்தா, பாட்டியின் பழைய சான்றிதழ் ஒன்றில் எண் கிடைத்துவிட்டால் கப்பலும் ஆண்டும் கிராமமும் அடுத்தடுத்து வெளிப்படும். வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா இந்தப் பட்டியல்களை ஆராய்ந்து 1991இல் தனி நூலே எழுதினார்.

ஆனால் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. தமிழ்ப் பெயர்களைக் காதில் கேட்டபடி எழுத்தர்கள் எழுதினார்கள். தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் அங்கே குலைந்து, முனுசாமி, கோவிந்தசாமி, பெருமாள் என்ற தனிமனிதப் பெயர்களே வழிவழிக் குடும்பப் பெயர்களாக உறைந்துபோயின. ஆகவே ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் உறவினர் என்று முடிவுகட்ட முடியாது. சாதிப் பகுதியிலும் எச்சரிக்கை தேவை. தொடக்கக் காலப் பட்டியல்களில் சாதிக்குரிய இடத்தில் ‘மலபார்’ என்றிருந்தால் தமிழர் என்றும் ‘ஜெண்டூ’ என்றிருந்தால் தெலுங்கர் என்றும் மட்டுமே கொள்ளலாம்.

ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘வட ஆற்காடு’ என்ற குறிப்பைக் கண்டதும் வேலூரை நோக்கிப் போவது இயல்பு. ஆனால் அந்த ஜில்லாவின் சித்தூர்ப் பகுதித் தாலுகாக்கள் 1911இல் தனி மாவட்டமாகி, பெரும்பாலானவை இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கின்றன. கப்பல் புறப்பட்ட ஆண்டின் நிர்வாக எல்லையை வைத்தே தாலுகாவைத் தேட வேண்டும்.

ஊரைக் கண்டபிறகும் அங்கே காகிதச் சான்று கிடைப்பது அரிது. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1899இல்தான். நில வரித்திட்டப் பதிவேடுகளில் பட்டாதாரரின் பெயர் இருக்கும், பண்ணையாளின் பெயர் இராது. அந்த இடத்தில் துணைக்கு வருவது குலதெய்வம். கடல் கடந்தும் மறக்காத ஐயனாரின் பெயரும், எந்தப் பங்காளிகளோடு சேர்ந்து முடியிறக்கினார்கள் என்ற நினைவும் ஒரே பெயருள்ள பல ஊர்களிலிருந்து சரியான ஊரைப் பிரித்துக் காட்டக்கூடும்.

இலங்கை: பெயரில்லாத பயணம்

இலங்கைக்குப் போனவர்கள் தொண்டி, பாம்பன் போன்ற துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம். ஆள் சேர்த்தவரும் முன்பணம் கொடுத்தவரும் கணக்கு வைத்தவரும் கங்காணியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையில்கூடத் தோட்டத்தைக் காட்டும் குறியீடு இருந்தது, தொழிலாளியின் பெயர் இல்லை. தோட்டம் மாறப் பெற வேண்டிய ‘துண்டு’ச் சீட்டு கடனைப் பேசியது, பிறந்த ஊரைப் பேசவில்லை. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

இந்த வெறுமையின் விலை 1948இல் தெரிந்தது. அவ்வாண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, நாட்டில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் பிறந்து பதிவேறாமல் போன தலைமுறைகளுக்கு அது இயலாத காரியம். ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆயினர். வம்சாவளியைக் காட்டச் சொன்ன அரசு, அந்த வம்சத்தை எழுதிவைக்கத் தவறிய ஆட்சியின் வாரிசு. இந்த அநீதியை வெறும் நிர்வாகக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

அதன்பின் வந்த சட்டங்களே முரணாக ஓர் ஆவணக் களஞ்சியத்தை உண்டாக்கின. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் ஏழு ஆண்டும் ஏனையோராயின் பத்து ஆண்டும் தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தாயகம் திரும்பியோரின் கடவுச்சீட்டும் மண்டபம் முகாமில் பெற்ற குடும்ப அட்டையும் இன்று பல வீடுகளில் தகரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலையும் இவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே மலையகக் குடும்ப வரலாற்றின் நடைமுறைத் தொடக்கம்.

முடிவுரை

நேட்டால் பட்டியல் தொழிலாளியைக் கட்டிப்போட எழுதப்பட்டது, அவர் பேரனுக்கு ஊரைக் காட்டியது. இலங்கையில் எழுதாமல் விட்டது பேரனின் குடியுரிமையையே பறித்தது. 2003இல் இலங்கை நாடாளுமன்றம் 1964 அக்டோபர் 30 முதல் அங்கு வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. மொரீசியஸ் வாழ் இந்திய வழித்தோன்றல்களுக்கான வெளிநாட்டு இந்தியர் குடியுரிமை அட்டையை ஏழாம் தலைமுறைவரை நீட்டிப்பதாக இந்தியா 2024இல் அறிவித்தது. தலைமுறைச் சான்றின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

ஆகவே இனி செய்ய வேண்டியவை தெளிவானவை. மிஞ்சியுள்ள தோட்டச் செக்ரோல்களையும் பிறப்பு, இறப்பு ஏடுகளையும் கரையான் அரிக்குமுன் படியெடுக்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் குடியேற்றக் கோப்புகளுக்கு ஊர்வாரியான அகரவரிசைச் சுட்டி வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் பங்காளிகளின் பெயரையும் குலதெய்வத்தையும் கங்காணியின் பெயரையும் தோட்டத்தையும் கேட்டு, ஆண்டு குறித்து எழுதிவைக்க வேண்டும். அரசு எழுதாததை இனிக் குடும்பங்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதினால்தான் அடுத்த தலைமுறையிடம் சான்று கேட்கப்படும்போது அவர்கள் கை வெறுங்கையாக இராது.