மைக்கேலாஞ்சலோவின் ஏழு சானெட்டுகள் (பிரிட்டென்)

இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென் (1913–1976) டெனர் குரலுக்கும் பியானோவுக்குமாக 1940இல் அமைத்த பாடல் தொகுதி, ஓபஸ் 22. தம் வாழ்க்கைத் துணைவரான பாடகர் பீட்டர் பியர்ஸின் குரலுக்கென்றே அவர் எழுதிய முதல் பாடல் தொகுதியும் இதுதான். காணிக்கையும் அவருக்கே.

பாடல்களின் மூலம் சிற்பி மைக்கேலாஞ்சலோவின் இத்தாலியக் கவிதைகள். அவர் 1532இல் ரோமில் தொம்மாசோ தே கவாலியேரி என்ற இளைஞரைச் சந்தித்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த நட்பில் பிறந்த கவிதைகள் பல. தொகுதியில் இரண்டாவதாக வரும் சானெட், ஆயுதம் தரித்த ஒரு வீரனிடம் தான் சிறைப்பட்டதாகச் சொல்லி முடிகிறது. வீரனைக் குறிக்கும் அந்த இத்தாலியச் சொல்லுக்குள்ளேயே கவாலியேரியின் பெயர் ஒளிந்திருக்கிறது. கவிஞரே சிலேடையில் மறைத்ததை அவருடைய வம்சம் அடியோடு மறைத்தது. 1623இல் கவிதைகளை அச்சிட்ட தம்பி பேரன், ஆணை நோக்கிய வரிகளைப் பெண்ணுக்கு உரியவையாகத் திருத்தினார். குடும்ப மானம் காத்த இந்தத் திருத்தம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் செல்லுபடியானது! கையெழுத்துப் படிகளைக் கொண்டு சேசாரே குவாஸ்தி 1863இல் வெளியிட்ட பதிப்பில்தான் மூல வடிவம் மீண்டது.

பிரிட்டென் இவற்றுக்கு இசையமைத்தது அமெரிக்காவில். ஆண்களுக்கிடையிலான உடலுறவு அன்று இங்கிலாந்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தாயகம் திரும்பிய பிரிட்டெனும் பியர்ஸும் 1942 செப்டம்பர் 23 அன்று லண்டன் விக்மோர் ஹாலில் தொகுதியை அரங்கேற்றினர். பியானோவில் பிரிட்டென், பாடியவர் பியர்ஸ். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்காக எழுதிய காதலை, அதைத் தமக்காகவே இசையமைத்தவர் வாசிக்க, பியர்ஸ் மேடையில் பாடினார். இத்தாலிய மொழியும் மைக்கேலாஞ்சலோ என்ற பெரும்பெயரும் போதிய திரையாக அமைந்தன. அவையினர் கைதட்டினர், ஹெச்எம்வி அதே ஆண்டில் இசைத்தட்டுக்குப் பதிவும் செய்தது.

மறைவுக்காக மட்டும் இத்தொகுதியைப் போற்றுவது அதைக் குறைத்து மதிப்பதாகும். இதன் குரல்வரியில் தயக்கமே இல்லை. இத்தாலிய ஓபராப் பாணியில் அகன்று நிமிரும் அந்த மெட்டுகளில் கூச்சத்துக்கு இடமேது? ஒளிவு சொல்லில்தான், இசை எதையும் ஒளிக்கவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களின் உறவைத் தண்டித்த சட்டம் 1967இல் தளர்ந்தது. ஆயினும் தங்கள் உறவைப் பற்றிப் பியர்ஸ் வெளிப்படையாகப் பேசியது, 1976இல் பிரிட்டென் இறந்த பிறகுதான்.