அரக்குச் சுவடிகள்

நாமக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில், நெடுங்காலம் மைக்செட் கடை நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவரின் வீட்டுப் பரணைப் பார்க்கும் வாய்ப்பு ஒரு கோடை விடுமுறையில் நமக்குக் கிட்டியது. மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, கல்யாணம், தேர்தல் என அந்த வட்டாரத்தில் எந்த விசேஷமானாலும் 'ரேடியோ கட்டியவர்' அவர்தாம். பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி நாற்பது ஐம்பது இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றுள் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய ஒரே பாட்டுக்கு இரண்டு தட்டுகள். நடுவில் ஒட்டியிருந்த லேபிளின் நிறம் மட்டும் வேறு.

"ரெண்டும் ஒரே பாட்டுத்தானுங்க சார். கீறல் கம்மியா இருக்கறதை எடுத்துக்குங்க" என்றார் பெரியவர். நாமும் அப்படியே செய்தோம்.

ஓராண்டு கழித்து மற்றொன்றையும் கேட்டு வாங்கலாம் என்று போனபோது, பழைய வீடு இருந்த இடத்தில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. "அந்தப் பிளேட்டை எல்லாம் யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க? உடைஞ்சு போச்சுன்னு பசங்க அஸ்திவாரக் குழியில கொட்டிட்டாங்க" என்று அவர் வருத்தமின்றிச் சொன்னார். அவர்மீது நமக்குக் குறை இல்லை. இரண்டும் ஒன்றே என்று அவர் சொன்னபோது தலையாட்டியது நாம்தானே. தமிழ் இலக்கியம் படித்து, பாடபேதம் என்றால் என்ன என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் நாம் செய்யத்தக்க பிழை அன்று அது.

*

1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதும், அக்கேள்வி தமிழ்ப் பதிப்புலகின் திசையையே மாற்றியதும் நாம் அறிந்த வரலாறு. 1887-இல் சிந்தாமணி அச்சேறும்வரை ஐயர் ஒரு பிரதியோடு நிறைவடையவில்லை. ஊர் ஊராகச் சென்று, ஒரே நூலின் வேறு வேறு ஏடுகளைத் தேடினார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல் மற்றோர் ஏட்டில் முழுதாக இருக்கும். ஒன்றில் தெளிவாக இருக்கும் சொல்லே பிழையாக இருக்கவும் கூடும். 'இந்த நூல்தான் ஏற்கெனவே இருக்கிறதே' என்று இரண்டாவது சுவடியை அவர் விட்டு வந்திருந்தால் இன்றைய பதிப்புகள் நமக்கு இல்லை.

இசைத்தட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். அது பிறக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். பழைய முறையில், பாடகரின் குரல் முதலில் மெழுகுத் தட்டில் வரியாகக் கீறப்படும். அம்மெழுகின்மேல் உலோகம் படியச் செய்து ஓர் எதிர்ப்படிவத்தை எடுப்பார்கள். அதிலிருந்து 'மதர்' எனப்படும் தாய்த் தகடு. தாய்த் தகட்டிலிருந்து அச்சுத் தகடுகள். அரக்கும் கல்மாவும் கரியும் கலந்த சூடான கலவையை அந்த அச்சுத் தகடுகளுக்கு இடையில் வைத்து அழுத்தினால் நம் கைக்கு வரும் தட்டு பிறக்கிறது. அச்சுத் தகடு தேயத் தேயப் புதிய தகடு எடுக்கப்படும். ஒரே பாட்டை இரண்டு முறை பாட வைத்து, முதல் மெழுகு பழுதானால் இரண்டாவதை அதே விற்பனை எண்ணில் வெளியிடுவதும் உண்டு. லேபிளைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. தட்டின் உட்பக்கத்தில், வரிகள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்றுவளையத்தில் பொறித்திருக்கும் எண்களும் எழுத்துகளுமே சாட்சி.

இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலையில், எத்தனையாவது அச்சுத் தகடு என்பதைக் குறிக்க ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி, டி என்ற பத்து எழுத்துகளை ஒன்று முதல் பூஜ்யம் வரையுள்ள இலக்கங்களுக்குப் பதிலாகப் பொறித்தார்கள். 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கம் அது. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று எழுதிப் பழகிய நமக்கும், மேளகர்த்தா இராகப் பெயர்களில் கடபயாதி எண்ணை ஒளித்து வைத்த மரபுக்கும் இது புதிதல்ல.

*

கொங்கு நாட்டுக்கு இந்த அரக்கோடு உறவு தொடக்கத்திலேயே உண்டு. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். மெழுகுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பின. பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது, மொழி தெரியாத ஹனோவர் தொழிலாளர்கள் லேபிள் மாற்றி ஒட்டிவிடக்கூடாது என்பதற்காக என்பர். கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்தது 1908-இல். அந்த முதல் பத்தாண்டிலேயே சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் தட்டுகளில் பாடிவிட்டார்கள். தாயியின் தட்டில் மனம் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ், அதை அடியொற்றி 'ராகமாலிகா' என்ற பியானோ ஆக்கத்தையே எழுதினார். ஒரு தந்தியின் ஒலியை மழுக்கி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. எந்தப் பிரதியை, எந்த வேகத்தில் சுழற்றிக் கேட்டு அந்த ஐரோப்பியர் நம் இசையைப் புரிந்துகொண்டார் என்பது வெறும் சேகரிப்பாளரின் கேள்வி அன்று. இசை வரலாற்றின் கேள்வி.

வேகம் என்று சொன்னோம். 'எழுபத்தெட்டு' என்று நாம் அழைக்கும் தட்டுகள் எல்லாம் நிமிடத்திற்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. தொடக்க காலத்தில் ஆலைக்கு ஆலை, பதிவுக்குப் பதிவு அது மாறியது. வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்; குரலின் இயல்பும் மாறிவிடும்.

இதைக் கிட்டப்பாவோடு பொருத்திப் பாருங்கள். அவர் 1933 டிசம்பரில், தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. நம் மாவட்டத்திற்குக் காவிரியின் அக்கரையில் உள்ள கொடுமுடியின் கே.பி. சுந்தராம்பாளுக்குத் திரைப்படங்கள் இருக்கின்றன. கிட்டப்பாவுக்கு எஞ்சியவை தட்டுகள் மட்டுமே. மேடையில் இரவெல்லாம் விரிந்த பாட்டு, பத்து அங்குலத் தட்டின் மூன்றேகால் நிமிடத்துக்குள் சுருங்கி நமக்குக் கிடைத்திருக்கிறது. பின்னர் அவை நீள்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் மறுபிறப்பு எடுத்தன. ஒவ்வொரு பிறப்பிலும் யாரோ ஒருவர் வேகத்தைத் தீர்மானித்தார். யாரோ ஒருவர் இரைச்சலை வடிகட்டினார். இரைச்சலோடு மேல்ஸ்தாயியின் கூர்மையும் போயிற்றா என்று பார்க்க வேண்டுமானால், பழைய தட்டு வேண்டும். ஒன்றல்ல, பல வேண்டும். அவருடைய உச்சக் குரல் எவ்வளவு உயரம் என்ற பழைய விவாதம், சுழலும் வேகத்தை அறியாதவரை தீராது.

*

பாடபேதம் குரலில் மட்டுமன்று, சொல்லிலும் உண்டு. 1966-இல் வெளிவந்த 'அன்பே வா' படத்தில் வாலி எழுதிய 'புதிய வானம் புதிய பூமி' பாட்டு இசைத்தட்டில் 'உதயசூரியன்' என்று ஒலிக்கும். திரையில் அதே இடத்தில் 'புதிய சூரியன்' வரும். அதே ஆண்டின் 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தின் குழந்தைப் பாட்டில், தட்டில் அறிஞர் அண்ணாவின் பெயர் இருக்கும். படத்தில் அங்கே திரு.வி.க. வந்து அமர்ந்திருப்பார். திரைப்படத்திற்குத் தணிக்கை உண்டு. இசைத்தட்டுக்கு அது இல்லை. கட்சிச் சின்னமும் தலைவர் பெயரும் படத்தில் வெட்டுப்பட்டு, தட்டில் தப்பிப் பிழைத்தன.

1967 தேர்தலுக்கு முந்தைய அந்த மாதங்களைக் கற்பனை செய்து பார்க்கலாம். டென்ட் கொட்டகைக்குள் ஒரு பாடம். வெளியே வேப்பமரத்தில் கட்டிய குழாயில் வேறொரு பாடம். நம் பெரியவரைப் போன்ற மைக்செட்காரர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, தணிக்கைக்கு உட்படாத பாடத்தை ஊருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திரைப்படத்தை மட்டும் வைத்து எழுதும் அரசியல் வரலாற்றில் இந்தக் குழாயின் குரல் விடுபட்டுப்போகும்.

*

மேலைநாட்டில் இத்தகைய ஒப்பீடு ஒரு பெரும் பித்தாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையில், விற்பனையாகாமல் போன சிறு தட்டுகளை 1970-களில் வட இங்கிலாந்தின் தொழிலாளர் நகரங்கள் தேடித் தேடிக் கேட்டு ஆடின. விகன் நகரத்து நடனக்கூடம் ஒன்று 1973 முதல் 1981 வரை இதற்குத் தலைநகராக இருந்தது. தட்டு சுழற்றுவோர், போட்டியாளர் அறியாதிருக்க லேபிளின்மேல் காகிதம் ஒட்டிப் பாடகரின் பெயரை மறைத்தார்கள். பிராங்க் வில்சன் 1965-இல் பாடிய ஒரு தட்டு, வெளியாகும் முன்பே அழிக்கப்பட்டு விரல்விட்டு எண்ணத்தக்க பிரதிகளே எஞ்சின. 2009-இல் அதில் ஒன்று 25,742 பவுண்டுக்கு விலைபோனது. மூல அச்சா, பிற்கால அச்சா, போலியா என்பதை வெற்றுவளையத்துக் கீறலை வைத்தே அங்கும் தீர்மானிக்கிறார்கள்.

நம் நாட்டுத் தட்டுகளும் அந்தச் சந்தையில் உண்டு. 1960-களில் உலகின் பல பகுதிகள் 45 சுற்றுக்கு மாறிய பின்னும், சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகளுக்காக இங்கே 78 சுற்றுத் தட்டுகள் அச்சாயின. அப்படி இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் பாடல்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே காலத்தில் இங்கே வெளிவந்த தமிழ்த் தட்டுகள் அஸ்திவாரக் குழியில் கிடக்கின்றன. விலை இல்லை என்பதால் மதிப்பும் இல்லை என்று நாம் கருதிவிட்டோம்.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் தனியொருவராக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைத் திரட்டினார். மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் தொடக்க கால இந்தியப் பதிவுகளை எண் வரிசைப்படி தொகுத்து 1994-இல் நூலாக்கினார். தியடோர் பாஸ்கரனும் ஸ்டீபன் ஹ்யூஸும் தட்டுக்கும் நாடகத்துக்கும் திரைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் தமிழ்த் தட்டுகளை ஏடுகளைப்போல் பிரதி பிரதியாக ஒப்பிட்டு, பாடபேதம் குறிக்கும் வழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் வேரூன்றவில்லை. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் தட்டுகளை மட்டும் ஒரு மாணவர் எடுத்துக்கொண்டு தொடங்கினாலும் போதும், ஓர் ஆய்வேட்டுக்குப் பொருள் உண்டு.

வாசக நண்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதல்ல. உங்கள் ஊர் மைக்செட்காரர் வீட்டுப் பரணில் தட்டுகள் இருந்தால், வாங்க இயலாவிட்டாலும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். லேபிளின் நிறம், விற்பனை எண், உள்வளையத்தில் பொறித்த எழுத்துகள், உறையின்மேல் விற்ற கடையின் முத்திரை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு தட்டு இருந்தால், இரண்டையும் கேளுங்கள்.

நம்மிடம் இருக்கும் அந்தக் கிட்டப்பா தட்டின் உள்வளையத்து எண்ணைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒப்பிடத்தான் இணை இல்லை.