மேர்சென் கூறிய ஓர் எண்ணும் அதன் காரணிகளும்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றிலும் பெரிய எண் முதன்மை எண் எனப்படும். அவ்வாறு வகுபடுவது சேர்த்தி எண். ஓர் எண் சேர்த்தி எண் என அறிவதும் அதன் காரணிகள் இவையெனக் காண்பதும் ஒன்றே எனப் பலரும் கருதுவர். அவை இருவேறு அறிவுகள் என்பதை 147,573,952,589,676,412,927 என்னும் 21 இலக்க எண்ணின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

இவ்வெண் 2 இன் 67 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது. இவ்வகை எண் முதன்மையாயின், அதன் வழியாக 6, 28 போன்ற நிறைவெண்களைப் பெறலாம் என யூக்கிளிட்டு நிறுவினார். அதனால் இவ்வெண்கள் பண்டுதொட்டே ஆராயப்பட்டு வந்தன. எண் முதன்மையாவதற்கு வலு முதன்மையாதல் வேண்டும். ஆயின் அது மட்டும் போதாது. 2 இன் 11 ஆம் வலுவில் ஒன்று குறைந்த 2047, 23 இனதும் 89 இனதும் பெருக்கமாதல் காண்க.

பாரிசில் வாழ்ந்த துறவியாரான மேர்சென், தேக்காட்டு, பேர்மா முதலிய அறிஞரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். 1644 இல் வெளிவந்த தம் இலத்தீன் நூலில், 257 வரையுள்ள வலுக்களுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவையே இவ்வகை முதன்மை எண்களைத் தருவன என அவர் உரைத்தார். நிறுவல் எதுவும் தந்திலர். 1772 இல் ஒயிலர் 31 பற்றிய கூற்றை மெய்யென நிறுவினார். 67 பற்றிய கூற்றோ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாது நின்றது.

1876 இல் பிரான்சிய அறிஞர் லூக்கா, காரணியைத் தேடாமலே எண்ணைச் சோதிக்கும் வழியொன்றைக் கண்டார். பின்னர் லேமர் எளிமையாக்கிய வடிவில் அது வருமாறு: 4 இல் தொடங்குக, வருக்கித்து 2 ஐக் கழிக்க, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க, வலுவில் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்க. இறுதி மீதி பூச்சியமாயின் எண் முதன்மையாம். 31 ஐச் சோதிப்பின் 4, 14, 8, 0 என வருதலால் அது முதன்மை எண். 67 ஆம் வலுவுக்குரிய எண் சேர்த்தி எண்ணென லூக்கா தம் முறையாற் காட்டினார். ஆயினும் அதன் காரணிகள் எவையென எவரும் அறிந்திலர்.

இவ்வெண்ணின் ஒவ்வொரு முதன்மைக் காரணியும் 134 இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாதல் வேண்டும். இவ்விதியால் தேடல் சுருங்கினும், சிறிய காரணி 134 இன் 1,445,580 ஆம் மடங்கை அடுத்தே இருந்தது. அமெரிக்கரான கோல், இருபடி மீதிகள் பற்றிய தேற்றங்களின் துணையால் அதனைக் கண்டு, 1903 ஒற்றோபர் 31 இல் நியூயோர்க்கிற் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் வெளியிட்டார். வாய் திறவாமற் கரும்பலகையில் வலுவைக் கணித்து, பின் 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கி, இரண்டும் ஒன்றாதலைக் காட்டி அமர்ந்தார் என்பர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என அவர் கூறியதாகவுஞ் சொல்வர். தேடல் ஆண்டுகளை விழுங்கிற்று. விடையைச் சரிபார்த்தலோ ஒரு பெருக்கலே.

1947 அளவில் மேர்செனின் பட்டியல் முற்றாகச் சோதிக்கப்பட்டது. 67, 257 தவறாகச் சேர்ந்தமையும் 61, 89, 107 விடுபட்டமையும் வெளியாயின. எனினும் அவ்வெண்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பிழைபட்ட கூற்றாயினும் பல தலைமுறையினரை ஆராயத் தூண்டியது அதுவே.

2024 இல் கணினிகளின் துணையால் 41,024,320 இலக்கங்கொண்ட மேர்சென் முதன்மை எண் காணப்பட்டது. அவ்வாண்டிலும், 1277 ஆம் வலுவுக்குரிய 385 இலக்க எண் சேர்த்தி எண்ணென அறியப்பட்டிருந்ததேயன்றி, அதன் காரணி ஒன்றேனும் கிடைத்திலது. லூக்காவுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட 27 ஆண்டுகளில் 67 ஆம் வலுவுக்குரிய எண் நின்ற நிலையும் இதுவே.