கொழும்பில் ஞாயிறு வேலை நாளாக இருந்த காலம்

1966ஆம் ஆண்டு பிறந்தபோது இலங்கையின் நாட்காட்டியிலிருந்து ஒரு பழைய வழமை நீக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இனி விடுமுறை இல்லை. பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் வார ஓய்வை நிலாவோடு கட்டிவிட்டது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அட்டமிகள் என மாதத்தில் நான்கு போயா நாட்கள். அன்று கந்தோர், வங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் மூடியிருக்கும். அதற்கு முந்திய நாள் அரை நாள் வேலை.

காலனி ஆட்சியோடு நிலைபெற்ற ஞாயிறு ஓய்வுக்குப் பதிலாக, பௌத்தர்கள் விகாரைக்குப் போய்ச் சில் என்ற ஒழுக்க நோன்பை அனுட்டிக்கும் நாளே ஓய்வு நாளாக வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கிடைத்த பதில் அது. கோரிக்கையில் நியாயம் இருந்தது. சிக்கல் நிலாவின் கணக்கில் இருந்தது. ஒரு சந்திர மாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அதை நான்காகப் பிரித்தால் ஏழு நாளும் ஒன்பது மணித்தியாலமும் வரும். ஆகவே ஒரு போயாவிலிருந்து அடுத்த போயாவுக்குச் சில முறை ஏழு நாள், சில முறை எட்டு நாள். ஓய்வு நாள் கிழமை விட்டுக் கிழமை நகர்ந்துகொண்டே போனது. அடுத்த விடுமுறை எப்போது என்று கேட்டால், சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாற்றம் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் மிகக் கூர்மையாக உறைத்திருக்கும். புனித லூசியா பேராலயத்தைச் சுற்றித் தமிழரும் சிங்களவருமாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டது. திருச்சபைக்கு ஞாயிறு பூசை நாளாகவே இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் விடியலிலோ மாலையிலோதான் பூசைக்கு நேரம் காணவேண்டும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் செவ்வாய்க்கிழமைப் பக்தி என்றைக்குமே வேலை நாளில் நடந்தது. இப்போது ஞாயிறும் செவ்வாயைப் போல ஆனது.

கொழும்பின் இன்னொரு பகுதியான வெள்ளவத்தையில் கதை வேறு. அங்குள்ள சைவ வீடுகளுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் அரசாங்கம் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி என்று விரத நாட்கள் பஞ்சாங்கத்தில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் நல்ல காரியம் எதையும் தொடங்கத் தயங்கும் அட்டமி, இப்போது ஓய்வு நாளாக வந்து நின்றது.

பெரிய அடி வணிகத்துக்கு. போயா ஒரு புதன்கிழமை வந்தால் கொழும்பில் செவ்வாய் பிற்பகலே வங்கி அடங்கிவிடும். அப்போது லண்டன் முழு வேகத்தில் இயங்கும். லண்டன் சனி, ஞாயிறு ஓய்ந்திருக்கும்போது கொழும்பு வேலை செய்யும். தேயிலையும் இறப்பரும் விற்று வாழ்ந்த நாட்டில், வெளியுலகோடு சேர்ந்து வேலை செய்யக் கிடைத்த நாட்கள் குறைந்தன.

கிழமைச் சுழற்சியைக் குலைத்துப் பார்த்தவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. புரட்சிக்குப் பிந்திய பிரான்ஸ் 1793இல் பத்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தது; 1806இல் அந்த நாட்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1929இல் ஐந்து நாள், 1931இல் ஆறு நாள் என்று மாற்றி, 1940இல் ஏழுக்குத் திரும்பியது. இலங்கை 1971இல் திரும்பியது. சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் வந்த அந்த ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறை தினச் சட்டம் ஞாயிறை மீட்டது. நான்கு போயாக்களில் பௌர்ணமியை மட்டும் பொது விடுமுறையாக வைத்துக்கொண்டது.

நாளைக் குறிப்பதும் குறித்ததை நீக்குவதுமான இதே வேலை இன்று கணினிக்குள் நடக்கிறது. யூனிக்ஸ் உலகின் கிரான் என்ற நேர அட்டவணை நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்து கட்டங்களால் ஆனது. நிலாவுக்கு அதில் கட்டம் இல்லை. செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இந்த முறையில் தாமே வேலைகளைக் குறித்துவைக்கின்றன, நீக்கவும் செய்கின்றன. நீக்கும் கருவிக்கு வேலையின் அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும், அது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் அந்தக் கருவிக்கான கையேட்டை ஒழுங்காக எழுதவேண்டியிருக்கிறது. எண்ணை எங்கே பார்ப்பது, நீக்கினால் எது நிற்கும், ஏற்கெனவே நடந்து முடிந்தது அப்படியே இருக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். இவற்றோடு, அந்த வேலையை நம்பி வேறு என்னென்ன இயங்குகின்றன என்பதையும் நீக்கும் முன் யாராவது பார்த்தாகவேண்டும். 1966இல் நீக்கப்பட்டது ஒரு கிழமையின் விடுமுறை மட்டுமே. பூசை நேரமும் லண்டன் வியாபாரமும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

மீந்த அந்த ஒரு போயா மாதந்தோறும் வருகிறது, சில ஆண்டுகளில் பதின்மூன்று முறை. அது புதன்கிழமை விழுந்தாலும் கொட்டாஞ்சேனையில் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டியே கிடக்கும்.